நல்ல தண்ணீரில் வராத சிவப்பு

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, இறுதியாண்டு மாணவி ஒருத்தி என் மேசைமேல் இரண்டு துணித்துண்டுகளை வைத்தாள். இரண்டும் உள்ளங்கை அகலம்தான். ஒன்று, மழையில் நனைந்து காய்ந்த செங்கல்லின் நிறம். பழுப்பும் ஆரஞ்சும் கலந்து சோர்ந்திருந்தது. மற்றது மாதுளம் முத்தின் சிவப்பு. "இரண்டும் ஒரே துணி, ஒரே வேர், ஒரே அளவு மேடம். இது இங்கே செய்தது. இது எங்கள் வீட்டில் செய்தது" என்றாள்.

பல ஆண்டுகளாகச் சாயப் பாடம் நடத்துகிறேன். அன்று என்னிடம் விடை இல்லை. விடை கிடைக்க ஏழு வாரங்களும் ஒரு ரயில் பயணமும் ஆயின. கிடைத்த விடையில் என் தவறும் ஒன்று இருந்தது. அதனால்தான் இந்த நிகழ்வை முதலிலிருந்து எழுதிவைக்கிறேன். மாணவியின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன், பெயரைத் தவிர்க்கிறேன்.

தொடக்கம்

எங்கள் கல்லூரி கோவையில் இருக்கிறது. மாணவியின் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், கடலுக்கு அருகே மணல் பூமி. இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு நுட்பத்தை எடுத்துக்கொண்டு அதில் புதிதாக ஏதேனும் முயன்று பார்க்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் டிஜிட்டல் பிரிண்டிங் எடுத்தார்கள். இவள் சுங்குடியை எடுத்தாள். அவள் அம்மாவின் பெட்டியில் ஒரே ஒரு பழைய மதுரைச் சுங்குடிச் சேலை உண்டாம். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். அதே புள்ளிகளை வேரிலும் காயிலும் எடுத்த சாயத்தில் கொண்டுவர முடியுமா என்பது அவள் கேள்வி.

சுங்குடி என்பது மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில். துணியைச் சிறு நுனியாகக் கிள்ளி நூலால் இறுகச் சுற்றி முடிச்சிடுவார்கள். சாயத்தில் முக்கினால் நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே ஒரு வளையம், நடுவில் ஒரு பொட்டு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பங்கு மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். கையால் முடிச்சுப் போடும் பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

முதல் இரண்டு மாதப் பரிசோதனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மாணவர்களும் செய்வதைத்தான் இவளும் செய்தாள். மஞ்சள், பீட்ரூட், ஆவாரம்பூ, வெங்காயச் சருகு. மஞ்சள் கண்ணைப் பறித்தது. பாதித் துண்டை அட்டையால் மூடி மொட்டை மாடி வெயிலில் ஒரு வாரம் வைத்தோம். மூடாத பாதி வெளுத்துப்போனது. பீட்ரூட் இரண்டாவது அலசலிலேயே தண்ணீரோடு போய்விட்டது. பருத்திக்குச் சாயத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் குணம் குறைவு. பட்டும் கம்பளியும் புரத இழைகள் என்பதால் படிகாரத்தையும் சாயத்தையும் எளிதில் வாங்கிக்கொள்ளும். பருத்தியைக் கடுக்காயில் ஊறவைத்துத் துவர்ப்பேற்றி, அதன்மேல் படிகாரம் ஏற்றி, அதற்குப் பிறகே சாயத்தில் இறக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடிக்கிறது. படிகாரம் சாயத்தைப் பிடிக்கிறது. இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. வெளுத்துப்போன மஞ்சள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு புரிந்துகொள்வது வேறு.

வேர்

தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் ஒரு பை நிறைய மெல்லிய வேர்களோடு திரும்பினாள். அவள் அப்பத்தா கொடுத்தது. அப்பத்தாவுக்கு அது இம்பூறல். இருமலில் இரத்தம் வந்தால் கொடுக்கும் மருந்து. "துணியில் சாயம் போட வேர் ஏதும் உண்டா அப்பத்தா?" என்று இவள் கேட்டபோது, "இம்பூறலுக்குச் சாயவேர் என்றும் ஒரு பேர் உண்டடி, பேர் மட்டும்தான் தெரியும்" என்று சொன்னாராம். செய்முறை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் தங்கியிருந்தது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய வணிகமே இருந்தது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து உலகெங்கும் போன பூப்போட்ட பருத்தித் துணிகளின் சிவப்பு இந்த வேரின் பட்டையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் டச்சுக் கம்பெனி சாயவேரை வேறு யாரும் வாங்க விடாமல் தன் கையில் வைத்திருந்தது. வேரில் இருக்கும் முக்கியச் சாயப்பொருள் அலிசரின். 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளைக்கொண்டு அதே அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். அதன் பிறகு வேர் தோண்டுவதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

நான் அவளுக்கு ஒரு செய்முறைத் தாள் எழுதிக் கொடுத்தேன். காடாத் துணியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக்க வேண்டும். துணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த் தூளில் ஓர் இரவு. பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்தல். பிறகு படிகாரம். பிறகு வேரை இடித்துப் போட்ட நீரில் மெல்ல மெல்லச் சூடேற்றல். கடைசியில் ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தேன்: "எல்லாவற்றுக்கும் சிறுவாணித் தண்ணீர் மட்டும் பயன்படுத்தவும்."

கோவைக்காரர்களுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை. இங்கே பல வீடுகளில் இரண்டு குழாய்கள். ஒன்று ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். மற்றது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் என்றால் பெரும்பாலும் சிறுவாணி. குடித்தால் இனிக்கும், சோப்பு நன்றாக நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விழாது. எந்தப் பரிசோதனைக்கும் இதைவிடச் சுத்தமான தண்ணீர் ஊரில் இல்லை என்று நம்பித்தான் எழுதினேன்.

கல்லூரியில் போட்ட முதல் சாயம் செங்கல் பழுப்பு. இரண்டாவதும் அதே. வேரின் அளவைக் கூட்டினாள். பழுப்பு அடர்ந்ததே தவிரச் சிவக்கவில்லை. நூற்றாண்டுக்கும் மேல் வழக்கொழிந்த சாயம், வேரும் இளசாக இருக்கலாம், இவ்வளவுதான் வரும்போல என்று நான் நினைத்தேன். அவளிடம் சொல்லவும் செய்தேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

இந்த இடத்தில் நடந்த ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். பிற்பாடு அது உதவியது. கடுக்காயில் ஊறிய துணி ஒன்றைத் துருவேறிய இரும்பு வாளியில் ஓர் இரவு விட்டுவிட்டாள். காலையில் வாளியின் விளிம்பு பட்ட இடமெல்லாம் கறுப்பு. தேய்த்தாலும் போகவில்லை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்துக் காய்ச்சித்தான் எழுதும் மை செய்தார்கள். துணி வீணாகிவிட்டது என்று அழுதாள். துண்டை வெட்டி மாதிரிப் புத்தகத்தில் ஒட்டச் சொன்னேன். வீணானதையும் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பது என் வகுப்பின் விதி.

வெளியே போன நாட்கள்

உள்ளூக்கம் தேடி வெளியே போவது எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை பஸ் பிடித்து வகுப்பே கிளம்பும். அந்த ஆண்டு காஞ்சிபுரம் போனோம். கோர்வை நெய்யும் தறியைப் பார்த்தோம். உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கு வேறு நிறம் என்று மூன்று நாடாக்கள் ஓடுவதையும், நெய்பவருக்கு எதிர்ப்பக்கம் உதவிக்கு இன்னொருவர் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுப்பதையும் பார்த்தோம். மாணவர்கள் நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார்கள். இவளும் எடுத்தாள். அந்தப் படங்களில் ஒன்றுகூட அவள் புத்தகத்துக்குள் வரவில்லை. காரணம் எளிது: காஞ்சிபுரத்திடம் கேட்க அவளுக்குக் கேள்வி ஏதும் இல்லை.

மதுரைக்கு அவள் தனியாகப் போனாள். சௌராஷ்டிரக் குடும்பத்து அம்மா ஒருவரின் வீட்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். அவள் ஒரு முடிச்சுப் போடும் நேரத்தில் அந்த அம்மா ஐந்தாறு போட்டுவிடுவாராம். படம் நான்கைந்துதான் எடுத்தாள்; ஆனால் இடது கை விரல்களில் நூல் அறுத்த தழும்போடு வந்தாள். அத்துடன் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தாள். வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டால் புள்ளி வெள்ளையாக வரும். கடுக்காயில் ஊறிய துணி ஏற்கெனவே இளமஞ்சள். அதில் முடிச்சுப் போட்டால் புள்ளி வைக்கோல் நிறத்தில்தான் வரும். கடுக்காய்க்கு முன்பே முடிச்சிடலாமா என்று முயன்றாள். இரவு முழுவதும் ஊறி, உலர்ந்து, மறுபடி ஊறியதில் நூல் தளர்ந்து புள்ளியெல்லாம் கலங்கியது. "அம்மாவின் சேலையில் இருக்கும் வெள்ளை வராது மேடம்" என்று தொலைபேசியில் சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

இந்த மனநிலையில்தான் பொங்கலுக்கு ஊருக்குப் போனாள். மீந்த வேரையும் எடுத்துப்போயிருந்தாள். கொல்லையில் விறகடுப்பு மூட்டி, கிணற்றுத் தண்ணீரில் ஒரே ஒரு துண்டைப் போட்டாள். அதுதான் என் மேசைக்கு வந்த மாதுளைச் சிவப்பு.

ஐந்து சந்தேகங்கள்

அடுத்த மூன்று வாரங்கள் அவள் ஆய்வகத்தைவிட்டு நகரவில்லை. சந்தேகங்களை ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாக அடித்தாள். வீட்டில் எவர்சில்வர் பாத்திரம், இங்கே கண்ணாடி பீக்கர். இங்கும் எவர்சில்வர் வைத்துப் பார்த்தாள், பழுப்பு. வீட்டில் விறகடுப்பு, இங்கே மின் அடுப்பு; சூடேறும் நேரத்தை வெப்பமானி வைத்து நீட்டிப் பார்த்தாள், பழுப்பு. அடுப்பிலிருந்து சாம்பல் பறந்து விழுந்திருக்குமோ என்று ஒரு சிட்டிகை சாம்பல் போட்டாள். கொஞ்சம் மாறியது, சிவக்கவில்லை. வேர் மூன்று மாதம் பழசானதால் சிவந்ததா? அதே பழைய வேரை இங்கே போட்டாள்; பழுப்பு. கடைசியாக, வீட்டில் துணி கடற்காற்றில் உலர்ந்ததே காரணமோ என்றுகூட எழுதியிருந்தாள்.

தண்ணீரை அவள் சந்தேகிக்கவில்லை. நானும் சந்தேகிக்கவில்லை. எங்கள் மாதிரிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, துணி, எடை, கடுக்காய், படிகாரம், சாயப்பொருள், சூடு, நேரம் என்று கட்டங்கள் அச்சாகியிருக்கும். தண்ணீருக்குக் கட்டம் இல்லை. நான் வடிவமைத்த பக்கம் அது. எல்லோருக்கும் ஒரே நல்ல தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். கட்டம் இல்லாத இடத்தில் கேள்வியும் எழவில்லை.

மூன்றாவது பயணம் அவளாகக் கேட்டுப் போனது. திருப்பனந்தாள் அருகே சிக்கநாயக்கன்பேட்டை. அங்கே கோயில்களுக்குத் தேர்ச்சீலையும், தொம்பை என்னும் தொங்கும் துணிக்குழாயும், குடைத்துணியும் கலங்காரியாக எழுதுகிறார்கள். காலை ஜனசதாப்தியில் கும்பகோணம் இறங்கி அங்கிருந்து பஸ். இந்த முறை நானும் கூடப் போனேன். அவள் பையில் கேமரா இல்லை. மாதிரிப் புத்தகமும் இரண்டு துண்டுகளும் மட்டும் இருந்தன.

நாங்கள் பார்த்த பெரியவர் திண்ணையில் துணியை விரித்து மூங்கில் குச்சியால் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். குச்சியின் நுனிக்கு மேலே துணிச் சுருணையும் நூலும் சுற்றியிருந்தது. அதை அழுத்த அழுத்தக் கறுப்பு இறங்குகிறது. இன்று வண்ணங்களில் பலவற்றைக் கடையில் வாங்குவதாகவும், வேர்ச் சாயம் அவருடைய அப்பா காலத்தோடு சரி என்றும் மறைக்காமல் சொன்னார். மாணவி இரண்டு துண்டுகளையும் கொடுத்தாள். விரலால் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். செய்முறை எதையும் கேட்கவில்லை.

"இது எந்தத் தண்ணீர்? இது எந்தத் தண்ணீர்?" என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "வேர்ச் சிவப்பு கிணற்றுக்குக் கிணறு மாறும் என்று அப்பா சொல்வார். குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர் வேருக்கு ஆகாதாம்" என்றார். அவ்வளவுதான். பிறகு தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று அவரிடமிருந்து இன்னும் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, அந்தக் கறுப்பு. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த நீர் அது. குடத்தைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. கடுக்காய் ஏறிய துணியில் கோடு இழுத்ததும் வெளிறித் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. மாணவி புத்தகத்தைத் திறந்து இரும்பு வாளி கெடுத்த துண்டைக் காட்டினாள். பெரியவர் சிரித்து, "இதுவேதான்" என்றார். இரண்டு, பால். கடுக்காயோடு எருமைப்பால் சேர்த்து ஊறவைத்த துணியில்தான் எழுதுகிறார்கள். பாலின் கொழுப்பு கறுப்பைப் பரவவிடாமல் கோட்டுக்குள் நிறுத்துகிறது.

திரும்பும் ரயிலில் அவள் பேசவே இல்லை. திருச்சி தாண்டியதும், "பாதி நாள் அழுத துண்டைப் பார்த்து அவர் இதுவேதான் என்றார் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

பியூரெட்டின் விடை

ஊரிலிருந்து அவள் தம்பி இரண்டு பெரிய பாட்டில்களில் கிணற்றுத் தண்ணீரைப் பஸ்ஸில் அனுப்பிவைத்தான். வேதியியல் துறையில் கடினத்தன்மை பார்த்தோம். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் சுட்டிக்காட்டிப் பொருள் போட்டதும் திராட்சை ரச நிறம் வரும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து எடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டதும் நீலமாகும். சிறுவாணி சில சொட்டுகளிலேயே நீலமானது. கிணற்றுத் தண்ணீர் நீலமாகவே மாட்டேன் என்றது. பியூரெட்டின் அளவு கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணை எழுதும் முன்பே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அலிசரின் படிகாரத்தின் அலுமினியத்தோடு மட்டும் சேர்ந்தால் அந்த முழுச் சிவப்பு வராது. கால்சியமும் கூடவே சேர வேண்டும். அலுமினியமும் கால்சியமும் அலிசரினும் மூன்றும் பிணைந்து உருவாவதுதான் பழைய துணிகளில் நாம் பார்க்கும் சிவப்பு. ஆந்திரக் கடலோரத்தில் கிருஷ்ணை முகத்துவாரப் பக்கம் விளைந்த சாயவேருக்குத் தனி மதிப்பு இருந்ததற்கு, கிளிஞ்சல் கலந்த அந்த மண்ணின் கால்சியமே காரணமாகச் சொல்லப்படுகிறது. நான் பாடத்தில் அலிசரினைச் சொல்லியிருக்கிறேன். கால்சியத்தையும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கும், நானே அடிக்கோடிட்ட சிறுவாணி வரிக்கும் இடையில் இருந்த முரண் எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாமல் இருந்தது. சுத்தம் என்ற பெயரில் சிவப்புக்கு வேண்டியதை எடுத்துவிட்ட தண்ணீரை நானே அவளிடம் கொடுத்திருக்கிறேன்.

அவள் அத்தோடு நிற்கவில்லை. விடை சரிதானா என்று இரு திசையிலும் சோதித்தாள். கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அடியில் படிந்த வெள்ளையை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்தாள். அதில் வந்த நிறம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. சிறுவாணியில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்தாள். சாயநீரே ஊதாவாகிவிட்டது, துணியில் திட்டுத் திட்டாக ஒட்டியது. சுண்ணாம்பின் காரம் அதிகம். காரத்தில் அலிசரின் ஊதாவாகும். பிறகு ஆய்வகத்துக் கால்சியம் கார்பனேட்டை லிட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் சிறுவாணியில் கலக்கினாள். அன்று மாலை அவள் பீக்கரிலிருந்து துணியைத் தூக்கியபோது ஆய்வகத்தில் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். சிவப்பு. வீட்டுத் துண்டுக்கு ஒரு படி குறைவு என்று அவள் இன்றும் சொல்கிறாள். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு நடுவே நூலகத்தில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு ஓடிவந்தாள். 1730-களில் பாண்டிச்சேரியில் இருந்த போல்யே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, நம் ஊர்க்காரர்கள் துணியில் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதே துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு வைத்தார். அந்தக் கையெழுத்துப் படியும் துண்டுகளும் பாரிஸில் இருக்கின்றன. 1742-இல் கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியாரும் இதே தொழிலைக் கடிதமாக எழுதி அனுப்பினார். தொழில் ரகசியத்தைக் கொண்டுபோகத்தான் எழுதினார்கள். அதை மறக்க வேண்டாம். ஆனால் கட்டத்துக்குக் கட்டம் துண்டு வெட்டி ஒட்டிய அந்த முறை மாணவியை மிகவும் கவர்ந்தது. தானும் அதையே செய்துவந்திருக்கிறோம் என்ற மகிழ்ச்சி ஒரு பக்கம். அந்தத் துணியை எழுதியவர்கள் யார் என்று ஒரு பெயர்கூட அவளுக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் மறுபக்கம்.

குன்றிமணி

சிவப்பு கிடைத்த பிறகு, புள்ளி வெள்ளையாக வராதே என்ற பழைய சிக்கல் அவளுக்குச் சிக்கலாகவே தோன்றவில்லை. முடிச்சின் அமைப்பை மறுபடி பார்த்தாள். நூலுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் சிறு நுனி, நூல் சுற்றிய கழுத்து, கீழே பரந்த துணி. மூன்று இடம் என்றால் மூன்று நிறம் வரலாம் அல்லவா?

கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சின் நுனியிலும் இரும்புக் கறுப்பை ஒரு பொட்டு வைத்து உலரவிட்டாள். பிறகு படிகாரம், பிறகு வேர்ச்சாயம், கால்சியம் கலந்த தண்ணீரில். பால் சேர்க்காமல் முன்பு செய்த முயற்சியில் இரும்பு கசிந்து சிவப்பு முழுவதையும் அழுக்காக்கியிருந்தது. பால் சேர்த்ததில் கறுப்பு நுனியோடு நின்றது. அவிழ்த்தபோது சிவப்புத் தரையில் வைக்கோல் நிற வளையம், நடுவில் கறுப்புப் பொட்டு. அவள் அதற்குக் குன்றிமணி என்று பெயர் வைத்தாள். ஊரில் வேலியோரம் கிடக்கும் குன்றிமணியைப் பொறுக்கி விளையாடியவளுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது. சிவப்பைக் கிணறும், கறுப்பைத் துரு வாளியும், வளையத்தை மதுரையில் நூல் அறுத்த விரலும் கொடுத்தன.

குறைகளையும் எழுத வேண்டும். இரும்பும் கடுக்காயும் சேர்ந்த கறுப்பு காலப்போக்கில் பருத்தியை அரிக்கும். மிகப் பழைய கலங்காரித் துணிகளில் மற்ற நிறமெல்லாம் நிற்க, கறுப்புக் கோடு மட்டும் இற்று உதிர்ந்திருப்பது இதனால்தான். இவளுடைய குன்றிமணியிலும் பொட்டு இருக்கும் இடத்தில் நாளடைவில் ஓட்டை விழக்கூடும். கறுப்பு நீரை நீர்த்துப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன். அதனால் பொட்டு சாம்பல் கலந்து வருகிறது, அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சிவப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பத்து முறை சோப்பில் துவைத்தும், மொட்டை மாடி வெயிலில் அட்டையால் பாதி மூடி ஒரு மாதம் வைத்தும் பார்த்தோம். இரு பாதிக்கும் வேறுபாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேர்தான் பெரிய கவலை. வேரைத் தோண்டினால் செடி போய்விடும். ஒரு கைக்குட்டைக்கே ஒரு பை வேர் ஆகிறது. இதைப் பார்த்துவிட்டு ஒரு தேர்வாளர், "இதைத் தொழிலாகச் செய்யலாமே" என்றார். காட்டில் தானாக முளைப்பதை நம்பிச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாணவியும் அதையே சொன்னாள். வீடு கட்டப் பிரித்துப்போட்ட மனைகளில், எப்படியும் புல்டோசர் ஏறப்போகும் இடத்தில் மட்டும்தான் அவளும் அப்பத்தாவும் தோண்டியிருக்கிறார்கள். இப்போது வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி விதைத்திருக்கிறார்கள். நல்ல வேருக்கு இரண்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.

மாதிரிப் புத்தகத்தின் பக்கத்தை மாற்றி அச்சடித்துவிட்டேன். தேதிக்கு அடுத்த கட்டமே தண்ணீர். எந்த ஊர், கிணறா குழாயா ஆறா என்று எழுத வேண்டும். வகுப்புப் பயணத்தையும் மாற்றிவிட்டோம். பருவத் தொடக்கத்தில் போவதில்லை. ஒவ்வொருவரும் தோற்றுப்போன ஒரு துண்டையாவது கையில் வைத்திருக்கும்போதுதான் போகிறோம். போகும் ஊரையும் அந்தத் துண்டே முடிவு செய்கிறது.

இந்த ஆண்டு இரண்டாமாண்டு மாணவர்களை விடுமுறையிலிருந்து திரும்பும்போது அவரவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். கரூர், உடுமலை, நாகப்பட்டினம், தர்மபுரி, வால்பாறை என்று சீட்டு ஒட்டிய பதினெட்டுப் பாட்டில்கள் ஆய்வகத்து மேடையில் வரிசையாக நின்றன. வேரை வீணாக்க மனம் வராததால் ஒவ்வொன்றிலும் தபால் தலை அளவுத் துணி ஒன்றுதான் போட்டோம். கொடியில் உலரும்போது பழுப்பிலிருந்து மாதுளை வரை பதினேழு துண்டுகள் படிப்படியாக நின்றன. பதினெட்டாவது மட்டும் ஊதாவும் சாம்பலுமாக இருக்கிறது. அந்தக் கிணற்றில் இரும்பு இருக்கிறதா என்று வரும் திங்கட்கிழமை பார்க்கப்போகிறோம்.